கட்டுக்கம்பியில் நடக்கும் மனிதர்கள்

போன ஆண்டு விநாயகர் சதுர்த்திக்கு முன்பு, களிமண்ணில் பிள்ளையார் செய்துகொண்டு வரும்படி பெரியவளுக்குப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அவள் செய்த பிள்ளையாரின் தொந்தி முழுவதும் அவளுடைய விரல் தடம். காது இரண்டிலும் கட்டைவிரல் அழுந்திய பள்ளம். பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது எனக்கு. ஆனால் விரல் தடம் தெரியாமல் வழவழவென்று செய்து கொண்டுவா என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு கிண்ணத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தேய்த்தாள். வழவழப்பு வந்தது. அவள் செய்த பிள்ளையார் போய், கடைப் பிள்ளையார் வந்து உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு அவள் மண்ணைத் தொடவில்லை.

அது எனக்குள் முள்ளாகவே தங்கியிருந்தது. இந்த மே விடுமுறையில், சிற்பி ஆல்பெர்ட்டோ ஜாக்கோமெட்டியின் 'நடக்கும் மனிதன்' சிலைப் படத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கூடத்துச் சுவரில் ஒட்டி வைத்தேன். குச்சி போல ஒல்லியான ஆள், உடம்பு முழுவதும் சிற்பியின் கை அழுத்தம். எதுவும் சொல்லவில்லை. காலையில் பல் துலக்கியபடியே அதன் எதிரில் வெகுநேரம் நின்றாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, "அம்மா, இவர் தேய்க்கவே இல்லையே" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை போதும் என்றிருந்தது. அடுத்த பன்னிரண்டு நாள்கள் எங்கள் கும்பகோணத்து வீட்டுக் கொல்லைப்புறத்தில் என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஆறு. துணைக்கு என் மாமியார். பிள்ளைகளுக்கு அவர் அப்பாயி.

ஜாக்கோமெட்டியைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நான் சொன்னது கொஞ்சம்தான். 1901இல் சுவிட்சர்லாந்தின் மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் பிறந்தவர். அப்பா ஓவியர். அடுத்த ஆண்டே பிறந்த தம்பியின் பெயர் டியேகோ. பதின்மூன்று வயதில் அந்தத் தம்பியை உட்காரவைத்து அவன் தலையைச் சிலையாகச் செய்தார் அண்ணன். பிறகு பாரிசுக்குப் போய், சிறிய பட்டறை ஒன்றில் சுமார் நாற்பது ஆண்டு வேலை செய்தார். தம்பி டியேகோ அங்கேயும் கூடவே இருந்தார். சிலைக்கு உள்ளே நிற்கும் கம்பிச் சட்டத்தைக் கட்டிக்கொடுப்பது, வார்த்து வந்த வெண்கலத்துக்கு நிறம் ஏற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. அண்ணனுக்காக மணிக்கணக்கில் அசையாமல் உட்காருவதும் அவர்தான்.

"அப்படியென்றால் கம்பி என் வேலை" என்றான் சின்னவன். வேலைப் பங்கீடு அங்கேயே முடிந்துவிட்டது.

முதல் நாள் எந்தப் பொருளையும் தொடவில்லை. நடப்பது என்றால் என்ன என்று பார்த்தோம். இதை விட்டுவிட்டு நேரே கம்பிக்குப் போயிருந்தால் மற்றதெல்லாம் வீணாகியிருக்கும் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். நடக்கும் மனிதனை வரையச் சொன்னால் பிள்ளைகள் இரண்டு காலையும் கூரை போல விரித்து, உடம்பைக் கம்பம் போல நிமிர்த்தி வரைகிறார்கள். அப்பாயியைக் கூடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கச் சொன்னோம். "நில்லுங்கள்" என்று சின்னவன் கத்தும்போதெல்லாம் அவர் அப்படியே நிற்க வேண்டும். ஐந்தாறு முறை நின்றபோது பெரியவள் கண்டுபிடித்துவிட்டாள். முன்கால் தரையில் முழுதாகப் பதிகிறது, பின்காலில் குதிகால் தூக்கிக்கொள்கிறது, உடம்பு கொஞ்சம் முன்னால் சாய்கிறது. சுவரில் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தாள். அங்கேயும் அதே சாய்வு, அதே குதிகால்.

சுவாமிமலை எங்களுக்குப் பக்கத்து ஊர். அங்கே வெண்கலத்தில் தெய்வச் சிலை வார்க்கும் ஸ்தபதிகளின் பட்டறைக்குப் பிள்ளைகளை முன்பே அழைத்துப் போயிருக்கிறேன். தென்னை ஓலையை நீளவாக்கில் கிழித்து, மடித்து மடித்து மடிப்புக் கோடுகளாலேயே சிலையின் அளவைக் குறித்துக்கொள்வதை இருவரும் பார்த்திருக்கிறார்கள். முகத்தின் நீளம் ஒரு தாலம். எந்தத் தெய்வத்துக்கு எத்தனை தாலம் என்று சிற்ப நூல்களில் கணக்கு இருக்கிறது. அதே வித்தையை நாங்கள் கொல்லையில் விழுந்து கிடந்த ஓலையில் செய்து பார்த்தோம். உச்சந்தலையிலிருந்து முகவாய் வரை ஒரு மடிப்பு. சின்னவன் ஆறு மடிப்புக்குச் சற்றுக் குறைவு. பெரியவள் ஆறரை. நான் ஏழுக்குக் கொஞ்சம் மேலே வந்தேன். பிறகு பெரியவள் ஒரு சின்ன ஓலைத் துண்டை எடுத்துச் சுவரில் இருந்த படத்தில் வைத்தாள். மடிப்பு முடிகிற வழியாக இல்லை. "தலை ரொம்பச் சின்னது, அம்மா. கால்தான் எல்லாம்" என்றாள். எங்கள் சிலைக்குப் பதினான்கு மடிப்பு என்று அவளே முடிவு செய்தாள். தலை 2 சென்டிமீட்டர், மொத்த உயரம் 28.

சாமான்கள் வாங்கியது இரண்டாம் நாள். இரும்புக் கடையில் கட்டுக்கம்பி கால் கிலோ. கட்டடத்தில் முறுக்குக் கம்பிகளைச் சேர்த்துக் கட்டுகிறார்களே, அந்தக் கருப்புக் கம்பிதான். 18 கேஜ் கேட்டு வாங்கினேன். ஆறு வயதுக் கையாலும் வளைக்கலாம், வளைத்த இடத்தில் நிற்கும். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், பழைய துணியால் துடைத்துக்கொள்ள வேண்டும். அங்கேயே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மூன்று கிலோவும் கிடைத்தது. சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாள் சமையலறையில் இருந்தது. தச்சுப் பட்டறையில் மாமரப் பலகைத் துண்டுகள் சும்மாவே கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு சாண் நீளம்.

அன்று மாலையே அவசரப்பட்டு, கம்பி இல்லாமல் அலுமினியத் தாளை மட்டும் கசக்கி ஓர் ஆளைச் செய்து பார்த்தோம். தாளை மேலிருந்து இரண்டு கிழி, கீழிருந்து ஒரு கிழி கிழித்து, நடுவில் தலை, இருபுறமும் கை, கீழே இரண்டு கால் என்று முறுக்கிக்கொண்டே போவது. பத்து நிமிடத்தில் ஆள் கிடைத்துவிடுகிறான். பிள்ளைகளின் பிறந்தநாள் விழாவுக்கு நல்ல விளையாட்டு. ஆனால் சின்னவன் அவனைத் தூக்கி நிறுத்திய ஒவ்வொரு முறையும் கணுக்காலில் மடிந்து விழுந்தான். பளபளவென்று வேறு இருந்தது. அந்த மினுமினுப்பில் வளைவு, பள்ளம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் கம்பி. 80 சென்டிமீட்டர் வெட்டி இரண்டாக மடித்து, மடிப்பில் சிறிய வளையம் விட்டால் அது தலை. கழுத்திலிருந்து இடுப்பு வரை இரண்டு இழையையும் ஒன்றாக முறுக்கினால் முதுகுத்தண்டு. இடுப்பில் பிரிந்தால் கால். பாதத்துக்குக் கீழே ஒவ்வொரு காலிலும் ஐந்தாறு சென்டிமீட்டர் மிச்சம் இருக்க வேண்டும். இதை நான் முதலில் விடவில்லை. தனியாக இன்னொரு துண்டை இரண்டாக மடித்துத் தோளில் குறுக்கே வைத்து, நாலு சுற்று இறுக்கினால் கை. முனைகளை எல்லாம் குறட்டால் உள்பக்கமாக வளைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கண்ணுக்கு ஆபத்து.

இந்த முதல் சட்டம் பார்க்க அழகாகவே இருந்தது. ஈரப் பிளாஸ்டர் இரண்டு கை வைத்ததும் முழங்கால் மடங்கி மெல்ல உட்கார்ந்துவிட்டது. ஒற்றை இழைக் கால் ஈரக் கனத்தைத் தாங்காது. அதற்கு வழி கண்டவன் சின்னவன்தான், அவன் அறியாமலேயே. நான் வேறு வேலையாக இருந்தபோது, ஒரு கம்பியை ஜன்னல் கம்பியில் மாட்டி, இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து, ராட்டினம் சுற்றுவது போலச் சுற்றிக்கொண்டிருந்தான். கயிறு மாதிரி முறுக்கேறிய அந்தத் துண்டை வளைத்துப் பார்த்தேன். ஒற்றைக் கம்பியைவிடப் பல மடங்கு விறைப்பு. மேலே புரி புரியாக இருந்ததால் பிளாஸ்டரும் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லாக் கால்களும் ஜன்னல் கம்பியில் முறுக்கியவைதான். அன்று முழுவதும் டியேகோ என்று கூப்பிட்டால் மட்டுமே அவன் திரும்பினான்.

பலகையில் நிறுத்துவது என் வேலை. பலகையில் துளையிட்டு, பாதத்துக்குக் கீழே விட்டிருந்த மிச்சக் கம்பியை அதில் இறக்கி, அடியில் மடக்கி, யு வடிவ ஆணியை அடித்துவிட்டேன். பின்காலின் துளையை முன்காலுக்கு நேர்ப் பின்னால் போடாமல் ஒரு விரற்கடை தள்ளிப் போட வேண்டும். இரண்டும் ஒரே கோட்டில் இருந்தால் ஆள் கயிற்றின்மேல் நடப்பவனைப் போலத் தெரிகிறான்.

பிளாஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஜிப்சம் என்ற கல்லைச் சூடாக்கினால் அதில் கட்டுண்டிருக்கும் நீரில் முக்கால் பங்கு போய்விடுகிறது. மிஞ்சுவதுதான் இந்த வெள்ளைப் பொடி. நாம் தண்ணீர் ஊற்றும்போது போன நீரைத் திரும்ப வாங்கிக்கொண்டு அது மறுபடியும் கல்லாகிறது. அப்போது சூடு வெளியே வரும். சிலைமேல் மெல்லிய பூச்சாகப் போடும்போது அது இளஞ்சூடுதான். ஆனால் கெட்டியான பிளாஸ்டருக்குள் கையைப் புதைத்து அச்செடுக்கும் விளையாட்டு மட்டும் கூடவே கூடாது. சூடு உள்ளேயே தங்கித் தோலைப் பொசுக்கிவிடும், கையையும் உடனே எடுக்க முடியாது. பொடியைக் கொட்டும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டோம். பிள்ளைகளுக்குக் கையுறை. மிஞ்சியதையும் கை கழுவிய தண்ணீரையும் தொட்டியில் ஊற்றக் கூடாது, குழாய்க்குள் கல்லாகிவிடும். வாளியில் கழுவி, அடியில் படிந்ததைக் காயவிட்டுக் குப்பையில் போட்டோம்.

கலப்பதற்கு ஐஸ்கிரீம் வாங்கிய பிளாஸ்டிக் டப்பா மிகவும் வசதி. காய்ந்தபின் டப்பாவை நசுக்கினால் எல்லாம் உதிர்ந்துவிடும். தண்ணீர் ஒரு பங்கு, பொடி ஏறத்தாழ இரண்டு பங்கு. தண்ணீரில்தான் பொடியைத் தூவ வேண்டும், பொடியில் தண்ணீரை ஊற்றக் கூடாது. ரவை தூவுவது போலச் சிறிது சிறிதாகத் தூவி, தண்ணீருக்கு மேலே சின்னத் தீவு தெரியும்போது நிறுத்திவிட்டு, ஒரு நிமிடம் ஊறவிட்டுப் பிறகு மெதுவாகக் கலக்க வேண்டும். அடித்துக் கலக்கினால் நுரை கட்டும், சீக்கிரமும் இறுகிவிடும்.

பதத்தை அப்பாயிதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். முதலில் மோர். பிறகு தோசை மாவு. பிறகு இட்லி மாவு. அதற்கப்புறம் வெண்ணெய். மோராக இருக்கும்போது போட்டால் கம்பியிலிருந்து ஒழுகிவிடும். இட்லி மாவிலிருந்து வெண்ணெய் வரைக்கும் உள்ள நாலைந்து நிமிடம்தான் நம்முடையது. வெண்ணெய் தாண்டி உதிரத் தொடங்கினால் கையை எடுத்துவிட வேண்டும். தண்ணீர் விட்டு மறுபடி குழைத்தால் அது காய்ந்தபிறகு சுண்ணாம்புக் கட்டி போல உதிரும். "இட்லி மாவு வந்துவிட்டது!" என்று சின்னவன் கொல்லையிலிருந்து கத்துவது தெருவுக்கே கேட்டிருக்கும்.

நான்காம் நாள் ஒரு கலவை இரண்டே நிமிடத்தில் டப்பாவிலேயே கல்லாகிவிட்டது. பொடி கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். கோளாறு டப்பாவில். முந்தைய நாளின் காய்ந்த பிளாஸ்டர் ஓரத்தில் ஒட்டியிருந்தது. இறுகிய துணுக்குகள் புதுக் கலவைக்கு உறை மோர் மாதிரி. அவற்றைச் சுற்றி மளமளவென்று இறுக ஆரம்பித்துவிடுகிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் டப்பாவைச் சுத்தமாகத் துடைத்தோம். வெந்நீரிலும் சீக்கிரம் இறுகும். மே மாதத்து மாடித் தொட்டித் தண்ணீர் வெந்நீர்தான் என்பதால் பானைத் தண்ணீருக்கு மாறினோம்.

இன்னொரு சிக்கல், உடம்புக்குக் கனம் சேர்க்க நான் சுற்றியிருந்த அலுமினியத் தாள். அதன்மேல் போட்ட பிளாஸ்டர் காய்ந்ததும் ஓடு ஓடாகக் கழன்று வந்தது. மாமியார் பார்த்துவிட்டுக் கொல்லையில் கிடந்த தேங்காய் மட்டையிலிருந்து ஒரு கை நாரைப் பிரித்துக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டில் பிளாஸ்டர் கூரை போட்டபோது வேலையாள்கள் நாரை அதில் தோய்த்து ஒட்டியதை அவர் பார்த்திருக்கிறார். நாரைப் பஞ்சு போலப் பிரித்து, தோசை மாவுப் பதத்தில் முக்கி, இடுப்பிலும் தொடையிலும் சுற்றினோம். அவ்வளவுதான், கழல்வது நின்றுவிட்டது. நார் ஒன்றிரண்டு வெளியே நீட்டிக்கொண்டு, தசைநார் மாதிரித் தெரிந்தது இன்னும் நன்றாக இருந்தது. தாளைத் தலைக்கும் மார்புக்கும் மட்டும் உள்ளே வைத்துக்கொண்டோம்.

பாதம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஜாக்கோமெட்டியின் மனிதர்கள் குச்சி போல இருந்தாலும் அவர்களுடைய பாதம் பெரியது, கனமானது, கீழே இருக்கும் பீடத்தோடு ஒட்டிக் கிடப்பது. படத்தில் பாதத்தை விரலால் காட்டி, எதைப் போல இருக்கிறது என்று கேட்டேன். "நடவு வயலில் கால் வைத்தால் சேறு ஒட்டிக்கொண்டு வருமே, அப்படி" என்றான் சின்னவன். தாத்தா ஊருக்குப் போகும்போது வயலில் இறங்கியிருக்கிறான். காலைப் பிடுங்கும்போது சேறு விட மனமில்லாமல் கூடவே எழும்பி வரும். இருவரும் அதை நினைத்துக்கொண்டே பிளாஸ்டரைப் பலகையிலிருந்து காலை நோக்கி இழுத்து இழுத்து வைத்தார்கள். மேலிருந்து கீழே பூசியபோது கிடைக்காத பாதம், கீழிருந்து மேலே இழுத்தபோது கிடைத்தது. கணுக்கால் ஒல்லியாக, பாதம் மண்ணோடு மண்ணாக. அதற்குப் பிறகு எங்கள் ஆள் விழவில்லை.

பெரியவளின் சிலை ஐந்தாம் நாள் ஊதிப் பெருத்துவிட்டது. சரியாக வரவில்லை என்று தோன்றும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் வைத்துக்கொண்டே போயிருக்கிறாள். உதடு பிதுங்க உட்கார்ந்திருந்தவளிடம் வெண்ணெய்க் கத்தி ஒன்றைக் கொடுத்தேன். பிளாஸ்டர் இறுகிய பின்னும் சில மணி நேரத்துக்கு ஈரச் சுண்ணக்கட்டி போலத்தான் இருக்கும், சுலபமாகச் சீவலாம். ஜாக்கோமெட்டியும் வைப்பார், கத்தியால் சீவுவார், மறுபடி வைப்பார், ஒரே சிலையை நாள்கணக்கில் உடைத்து உடைத்துச் செய்வார். அவருடைய பட்டறைப் படங்களில் தரையெங்கும் வெள்ளைச் சில்லுகள் கிடப்பதை அவளிடம் காட்டினேன். சீவத் தொடங்கினாள். தோளில் சீவினாள், இடுப்பில் சீவினாள், கையில் கம்பி வெளியே வரும் அளவுக்குச் சீவினாள். கம்பி தெரிந்த இடத்தில் மறுபடி ஒரு பொட்டு வைத்தாள். பழைய பூச்சைத் தண்ணீர் தொட்டு நன்றாக நனைத்த பிறகே புதியதை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பழையது புதியதின் தண்ணீரை உறிஞ்சிவிட, ஒட்டாமல் பெயர்ந்து வரும். இரண்டு மணி நேரம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தி உரசும் சத்தம் மட்டும் கேட்டது. முடிந்தபோது அவளுடைய விரல் தடம் சிலையின் முதுகில் ஏணிப்படி போல இறங்கியிருந்தது. அதைத் தேய்க்கலாமா என்று என்னிடம் கேட்கவில்லை.

ஒரு தவறு செய்தேன். சின்னவனின் நடக்கும் மனிதனுக்கு ஒரு தோள் மிகவும் தாழ்ந்திருந்தது. இரவு பிள்ளைகள் தூங்கியபிறகு, காயாத அந்தத் தோளை நான் மெல்ல நிமிர்த்தி, விரிசல் விட்ட இடத்தில் கொஞ்சம் பிளாஸ்டர் பூசி மெழுகிவிட்டேன். காலையில் வந்து பார்த்தவன், "இது என் ஆள் இல்லை" என்றான். அழவில்லை, கோபப்படவில்லை, யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்று நம்பி உண்மையான ஆளைத் தேடிப் பலகைகளுக்குப் பின்னால் எல்லாம் பார்த்தான். அவன் ஆள் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு போகிறவனாம். அதனால்தான் அந்தத் தோள் தாழ்வு. நான் செய்ததைச் சொல்லி, அவன் கையாலேயே உடைத்துத் திரும்பச் செய்ய வைத்தேன். பெரியவளின் பிள்ளையாருக்கு நடந்ததையே நானும் என் வீட்டில் செய்துவிட்டேன் என்ற எண்ணம் இரண்டு நாள் என்னை விடவில்லை. அதன்பிறகு அவர்களுடைய சிலைகளில் என் விரல் பலகைக்கு மேலே போகவில்லை.

ஒரு மழை மாலையில் வேலை ஓடவில்லை. அப்போது இன்னொரு கதை சொன்னேன். இரண்டாம் உலகப் போரின்போது ஜாக்கோமெட்டி சுவிட்சர்லாந்தில் ஜெனீவாவில் இருந்தார். அங்கே அவர் செய்த உருவங்கள் சின்னதாகிக்கொண்டே போயின. தூரத்தில் நிற்கும் ஒருவரைக் கண் எப்படிப் பார்க்கிறதோ அப்படியே செய்ய நினைத்தார், உருவம் விரல் நுனி அளவுக்கு வந்துவிட்டது. போர் முடிந்து பாரிசுக்குத் திரும்பியபோது அவற்றைத் தீப்பெட்டிகளில் போட்டு எடுத்துவந்தார் என்று சொல்வார்கள். சின்னவன் சமையலறைக்கு ஓடித் தீப்பெட்டியில் இருந்த குச்சிகளை எல்லாம் கொட்டிவிட்டான். ஒரு விரற்கடைக் கம்பி, அதன்மேல் ஒரே ஒரு பொட்டுப் பிளாஸ்டர், நகத்தால் இரண்டு கீறல். வாசல் படியில் அதை வைத்துவிட்டு, தெருக்கோடியில் யாராவது வரும்போது ஒற்றைக் கண்ணை மூடி அளந்து பார்த்தான். "தபால்காரர் சரியாக இருக்கிறார்" என்றான்.

அதே வாசலில் தினமும் சோற்றுக்கு வந்து நிற்கும் நாய்தான் எங்கள் அடுத்த சிலை. 1951இல் ஜாக்கோமெட்டி ஒரு நாயைச் செய்திருக்கிறார். தலை தாழ்ந்து, முதுகு தொய்ந்து, காது தொங்கி, மூக்கு தரையை மோந்துகொண்டே போகும் ஒல்லி நாய். எங்கள் வாசல் நாய்க்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நாய்க்குக் கம்பி கட்டுவது மனிதனுக்குக் கட்டுவதைவிடச் சுலபம். நாலு கால் இருப்பதால் விழாது. முதுகுத்தண்டும் வாலும் ஒரே கம்பியில் போய்விட வேண்டும், அதைத் துண்டு போட்டால் ஓட்டம் போய்விடுகிறது.

இருவரும் செய்தவை மூன்று நாள் நிழலில் காய்ந்தன. கணுக்காலில் பழுப்புக் கறை தெரிந்தபோது திடுக்கிட்டேன். ஈரப் பிளாஸ்டரில் இரும்புக் கம்பி துருப்பிடித்துக் கறை மேலே வந்திருக்கிறது. வெள்ளையாகவே வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் துத்தநாகம் பூசிய கம்பி வாங்க வேண்டும். எங்களுக்கு வண்ணம் பூசும் எண்ணம் இருந்ததால் கவலை இல்லை.

வண்ணத்தில் பிள்ளைகளுக்கு ஒரு சந்தேகம். சுவாமிமலையில் பார்த்த வெண்கலம் பொன்போல மின்னியதே, இவருடையது மட்டும் ஏன் கருப்பும் பச்சையுமாக இருக்கிறது? அங்கே மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். உள்ளே வெற்றிடம் இல்லாத கனமான வார்ப்பு. பிறகு அரத்தாலும் உளியாலும் நாள்கணக்கில் செதுக்கி மெருகேற்றுகிறார்கள். அது தெய்வத் திருமேனி, தியான சுலோகத்தில் சொன்ன உருவம் வர வேண்டும், மனிதக் கையின் தடம் அதில் மறைய வேண்டும். ஜாக்கோமெட்டி எதிரில் நிற்கும் ஒரு மனிதரைப் பார்த்தபடி களிமண்ணிலும் பிளாஸ்டரிலும் செய்கிறார். அந்தப் பார்வையும் கை அழுத்தமும் அப்படியே வெண்கலத்தில் இறங்க வேண்டும், அதன்மேல் நிறமும் ஏற்றப்படும். இரண்டும் இருவேறு காரியம் என்று சொன்னேன். பெரியவள் தலையாட்டினாள். அப்பாயி பூஜை அறையிலிருந்து, வெகுநாள் தேய்க்காத பழைய பித்தளை விளக்கை எடுத்துவந்து அதன் அடிப்பாகத்தைக் காட்டினார். மடிப்புக்குள் பச்சைக் களிம்பு. "இந்தப் பச்சைதான் வேண்டும்" என்றாள் பெரியவள்.

முதலில் ஒரு பங்கு ஃபெவிகாலில் நாலு பங்கு தண்ணீர் கலந்து ஒரு பூச்சு. இல்லாவிட்டால் பிளாஸ்டர் வண்ணத்தை எல்லாம் குடித்துவிடும். அடுத்து கருப்பும் செம்பழுப்பும் கலந்து, பள்ளங்களுக்குள் போகும்படி தாராளமாக. அது காயும் முன்பே ஈரத் துணியால் மேடுகளை மட்டும் துடைத்துவிட வேண்டும். துடைத்ததும் விரல் தடம் ஒவ்வொன்றும் கோடு கோடாக எழுந்து நின்றது. வெள்ளையாக இருந்தபோது கண்ணுக்குத் தெரியாத தடங்கள்கூட வெளியே வந்தன. பிறகு ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மூக்கு நுனி, தோள், முழங்கால் ஆகிய இடங்களில் மட்டும் பித்தளை நிறம். களிம்புப் பச்சையைக் கணுக்கால் மடிப்பிலும் அக்குளிலும் வைத்தாள் பெரியவள், விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து. சின்னவன் நாய்க்கு முழுவதும் பச்சை பூசினான். அது அவன் நாய்.

பதினோராம் நாள் எல்லாரையும் ஒரே பலகையில் நிறுத்திப் பார்த்தோம். ஜாக்கோமெட்டி 1948இல் செய்த 'நகரச் சதுக்கம்' இப்படித்தான். ஒரே தட்டின்மேல் நாலு ஆண்கள் ஆளுக்கொரு பக்கமாக நடக்கிறார்கள், ஒரு பெண் அசையாமல் நிற்கிறாள், யாரும் யாரையும் பார்ப்பதில்லை. எங்களிடம் பெரியவள் செய்த இருவர், பையைத் தூக்கிப் போகும் பையன், நாய், தீப்பெட்டித் தபால்காரர். பழைய சுவரலமாரித் தட்டு ஒன்றைத் தரையில் போட்டு, பிள்ளைகள் குப்புறப் படுத்துக்கொண்டு கண்ணைத் தட்டின் மட்டத்தில் வைத்து ஒவ்வொருவரையும் நகர்த்தினார்கள். எல்லாரையும் நெருக்கி வைத்தால் திருவிழாக் கூட்டம். விலக்க விலக்கத் தெரு வந்தது. நாயை ஓரத்துக்குக் கொண்டுபோனதும் தெருவில் மத்தியானம் ஆகிவிட்டது என்றாள் பெரியவள். தபால்காரரைக் கோடியில் வைத்தான் சின்னவன். அவர் அங்கேயிருந்து உண்மையாகவே வந்துகொண்டிருந்தார்.

சுவிட்சர்லாந்தின் 100 பிராங்க் நோட்டில் ஒரு காலத்தில் ஜாக்கோமெட்டியின் முகமும், பின்புறம் இந்த நடக்கும் மனிதன் பல கோணங்களில் திரும்பி நிற்பதும் அச்சாகியிருந்தன என்று சொன்னபோது, சின்னவன் தன் பையனைத் தட்டில் மெல்லத் திருப்பிப் பார்த்தான். முன்னாலிருந்து பார்த்தால் ஒரு கோடு, பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு கால், பின்னாலிருந்து பார்த்தால் பை இல்லாமலே பை இருப்பது தெரிகிறது.

கடைசிச் சிலையை நேற்றுத் தொடங்கியிருக்கிறாள் பெரியவள். அப்பாயி நடக்கிறார். அவருக்கு வலது முழங்காலில் வலி உண்டு. அதனால் அந்தக் காலை ஊன்றும் முன் ஒரு கணம் தயங்குவார். முதல் நாள் கூடத்தில் நடக்கச் சொன்னபோதே அவள் அதைக் கவனித்திருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. இந்தச் சிலையில் பின்கால் முழுதாகத் தரையில் இருக்கிறது, முன்கால் பலகையிலிருந்து ஒரு நூல் அளவு எழும்பி நிற்கிறது. கனம் முழுவதும் பின்காலில். அந்தக் காலுக்கு மட்டும் நாலு இழைக் கம்பி கேட்டாள். சின்னவன் ஜன்னலில் முறுக்கிக் கொடுத்தான். மாமியார் சிலையின் எதிரில் உட்கார்ந்து வெற்றிலை போட்டபடி வெகுநேரம் பார்த்துவிட்டு, "கண்டுபிடித்துவிட்டாளே" என்றார். தன் முழங்காலை ஒரு முறை தடவிக்கொண்டார்.

பிளாஸ்டர் உள்ளே காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. இன்று காலை எழுந்ததும் இருவரும் மாறி மாறி அப்பாயியின் சிலையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்கள். பிறகு அப்பாயியும் வைத்துப் பார்த்தார். சில்லென்றுதான் இருக்கிறது. கருப்பு பூச இன்னும் இரண்டு நாளாவது ஆகும்.